அப்பா எங்கே?

ஜார்ஜ் டவுனில் நான் டிஜே. வீட்டு விசேஷங்களுக்குப் போய்ப் பாட்டுப் போடுவேன். வேலை குறைந்துபோன இந்த வருடம், பழைய வாடிக்கையாளர்களை விட்டுவிடக் கூடாதென்று நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் மாலா அக்கா மட்டும், "மகளுக்குப் பொறந்தநாள், வீட்லயே சின்னதா செய்றோம். வா லா தம்பி" என்றார்.

அந்த வீட்டில் எனக்கு ஆறு வருடப் பழக்கம் ஒன்று உண்டு. கேக் வெட்டியதும் பாட்டைப் பாதியில் நிறுத்தி, மைக்கில் "அப்பா எங்கே?" என்பேன். அக்காவின் கணவர் கூட்டத்திலிருந்து ஓடிவந்து மகளோடு ஆடுவார்.

அன்றும் அப்படியே கேட்டுவிட்டேன். யாரும் வரவில்லை.

அக்கா என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பேக்டரில ஆள் கொறைச்சிட்டாங்க தம்பி. அவரு சிங்கப்பூர்ல வேலைக்குப் போய்ட்டாரு. லீவு கெடைக்கல."

போனில் தேதியையும் நேரத்தையும் கேட்ட நான், அவர் கணவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அதற்குள் மகள், அப்பா வீடியோ காலில் இருந்த கைப்பேசியை என் மைக்கிடம் நீட்டினாள். "இங்கதாம்மா இருக்கேன்!" என்று ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரத்தது. நிறுத்திய பாட்டைத் தொடர்ந்தேன். அவள் கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்தபடி ஆடினாள்.

அடுத்த வருடமும் அதே இடத்தில் பாட்டை நிறுத்துவேன். அவர் ஓடிவர வேண்டும்.