பிளாஸ்டிக் தின்னாத பாசி

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் காட்பாடியில் உயிரித் தொழில்நுட்பம் முதுகலை படித்தேன். பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பாசிக்குள் வைத்துவிட்டால், பாலாற்றில் குவிந்த கேரி பேக்கையெல்லாம் பாசியே தீர்த்துவிடும் என்பது எங்கள் பேராசிரியரின் கனவு. மரபணு வேலை முழுவதும் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது சாதாரணப் பாசியை வளர்த்து, அது பிளாஸ்டிக்கோடு எப்படிப் பழகுகிறது என்று பார்க்கும் வேலை. கோடை விடுமுறையில் ஆம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே தொட்டி வைத்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவை நாங்களும் உருதுவில் காலா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். துணி காயப்போட வந்தவர் மதில் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா வளக்கிற?"

"பாசி, காலா. பிளாஸ்டிக்கத் தின்னும்."

'என்றாவது ஒருநாள், ஒருவேளை' என்பதைப் பெருமையில் விழுங்கிவிட்டேன்.

எங்கள் தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். குடத்துக்கும் குடத்துக்கும் நடுவே விரல் நுழையாது. அந்த வாரம் என் பிளாஸ்டிக் குடத்தைச் சுற்றி மட்டும் ஒரு முழம் காலி.

"நீ மொதல்ல புடிச்சினு போய்டும்மா, எங்க குடத்துல ஒட்டிக்கப் போவுது" என்று பெண்கள் வழிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன் அம்மாவிடம். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "வெயில் காலம் முடியட்டும், அப்புறம் சொல்லு" என்றார்.

அதற்குள் காலா ஒரு விரிசல் விட்ட பிளாஸ்டிக் மக்கோடு மாடிக்கே வந்துவிட்டார். "இதத் தின்னச் சொல்லு, பாக்கலாம்."

மக்கைத் தொட்டியில் போட்டேன். ஒரு மாதம் கழித்து எடுத்தபோது உள்ளும் புறமும் பச்சைப் பசேலென்று வழவழத்தது. கழுவினால் விரிசல் உட்பட எல்லாம் அப்படியே இருந்தது.

காலா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தின்னலியே! ஜாலியா குடியிருந்துருக்கு. எங்க மூத்த மருமவன் மாதிரி."

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது என் குடம் பதினேழாவது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பாசி பிளாஸ்டிக்கச் சிதைச்சுதா?"

"இல்ல சார். குடியிருந்துச்சு."

வாய் தவறி வந்துவிட்டது. பேராசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பரவால்லம்மா. தின்னுச்சுன்னு எழுதிக் குடுத்தவங்கள நெறைய பாத்துட்டேன்."

தேறிவிட்டேன். திரும்பும் ரயிலில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, எதிர் சீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனார்.