பறிக்க நின்றதும் பறிப்பதை நிறுத்தியதும்

முட்டி வலி வந்ததால்தான் நான் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டேன். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். சரிவில் ஏறி இறங்க முடியாமல் போனதும் மேனேஜரிடம் சொன்னேன். அவர் என்னைத் தொழிற்சாலையை ஒட்டியிருக்கும் டீக்கடைக்கு மாற்றிவிட்டார். சுற்றுலா வருகிறவர்கள் மலையைப் பார்த்தபடி டீ குடிக்கும் கடை அது. மலாயில் நான் யாரிடமும் பேசுவேன். அங்கே வருகிறவர்கள் பலருக்கு மலாய் தெரியாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடையின் மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் ஒரு சீனப் பெண். கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் ஹோட்டலில் வேலை செய்பவர்கள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், வயதான வெள்ளைக்காரத் தம்பதி கடைக்கு வந்தார்கள். டீயைக் கொண்டுபோய் வைத்தபோது அந்த அம்மாள் என்னிடம், இங்கே வெகுநாளாக வேலை செய்கிறாயா என்று கேட்டாள். கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில் நானே ஒரு வாக்கியத்தைக் கட்டி நிமிர்த்தினேன்.

"ஐ ஸ்டாப்ட் டு பிளக் டீ."

கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. அவள் கணவரிடம் திரும்பி ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம், நாங்களும் வரலாமா என்று கேட்டாள். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. புரியாதபோது தலையாட்டுவது என் பழக்கம். ஆட்டினேன்.

டீ குடித்து முடித்துவிட்டு இருவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். போகலாமா என்பது போல என்னைப் பார்த்தார்கள். கடையின் சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னவள், ஆங்கிலம் நன்றாக வரும். அவர்களிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, கொழுந்து பறிக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? தலையத்தான் ஆட்டினேன்."

"வேலைக்கு வர்ற வழியில நின்னு கொஞ்சம் பறிச்சீங்களாம். அவங்களுக்கும் பறிக்கணுமாம். ஆசையா கேக்கறாங்க லா. கூட்டமில்லாத நேரந்தானே, ரோட்டோரத்து நிரை வரைக்கும் போய்ட்டு வாங்க."

போனோம். ரோட்டை ஒட்டிய தேயிலைச் செடி நிரை சமதளத்தில் இருந்ததால் முட்டிக்குச் சிரமமில்லை. இலைகளில் தண்ணீர் நின்றது. முற்றிய இலையை விட்டுவிட்டு இளசை மட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டினேன். அந்த அம்மாள் ஒவ்வொரு கொழுந்தையும் கிள்ளியதும் சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் கணவர் படம் எடுத்தார். என் கை தானாக வேகம் பிடித்தது. வெகுநாளைக்குப் பிறகு கைநிறையக் கொழுந்து இருந்தது. மலைக்காற்று முகத்தில் அடித்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

திரும்பும்போது அவள், தினமும் இப்படிப் பறிப்பாயா என்று கேட்டாள்.

"நோ, நோ. ஸ்டாப் ஆல்ரெடி. லெக் பெயின்," என்று முட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "ஓ, யூ ஸ்டாப்ட் பிளக்கிங்," என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். வலிக்கிற காலோடு கூட்டி வந்துவிட்டோமே என்று என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு அந்த இரண்டு வாக்கியங்களையும் மெதுவாக, நின்று காட்டியும் பறித்துக் காட்டியும் சொல்லிக்கொடுத்தாள். புரிந்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

என் கணவர் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஸ்டாப்புன்னா ஸ்டாப்புதான். இதுல என்ன ரெண்டு?" என்றார்.

"பறிக்க நின்னேன். பறிக்கிறத நிறுத்திட்டேன். ரெண்டும் ஒண்ணுங்களா?"

சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அது எப்படி ஒண்ணாவும்?" என்றார்.

சனிக்கிழமை வகுப்பில் டீச்சரிடம் இதைக் கேட்டேன். அவர் பலகையில் எழுதி மலாயில் விளக்கினார். வாண்ட், ஹோப், டிசைட் எல்லாம் இனிமேல் நடக்கப்போவதைச் சொல்லும், அதனால் பின்னால் டு வரும். என்ஜாய், ஃபினிஷ் இரண்டும் கையில் இருக்கிற காரியத்தைச் சொல்லும், அவற்றுக்கு ஐஎன்ஜி. ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட், டிரை நான்கும் இரண்டோடும் சேரும், ஆனால் அர்த்தம் மாறிவிடும். எல்லாச் சொற்களும் இப்படிக் கணக்குக்கு அடங்காது, சிலவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கதவைப் பூட்ட மறந்தது வேறு, பூட்டியதையே மறந்தது வேறு என்று தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். டிரை மட்டும் பிடிபடவில்லை. டிரை டு ஓப்பன், டிரை ஓப்பனிங் இரண்டுமே எனக்கு முயற்சியாகத்தான் பட்டது.

மறுநாள் கணவர் வீட்டுக்கு முன்னால் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். இடதுபக்கக் கதவு இறுகிப்போயிருந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தொறக்கப் பாத்தேன், வரமாட்டேங்குது. நீ உள்ள ஏறி, அந்தப் பிடிய மேல தூக்கித் தொறந்து பாரு."

நான் வாளியோடு அப்படியே நின்றேன்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"கதவத் தொறன்னேன்."

"இல்லங்க. மொதல்ல தொறக்கப் பாத்தேன்னீங்க. அப்புறம் தொறந்து பாருன்னீங்க."

"ஆமா. நான் பாத்தேன், முடியல. நீ இப்படிச் செஞ்சு பாரு, வருதான்னு தெரியும்."

டிரை டு, டிரை ஐஎன்ஜி. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். முடியாமல் போன முயற்சி ஒன்று, செய்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது இன்னொன்று. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதை இரண்டு தடவை அவருக்கு விளக்கினேன். "சரி, அத அப்புறம் பேசலாம். கதவத் தொற," என்றார். உள்ளே ஏறிப் பிடியைத் தூக்கினேன், திறந்துகொண்டது.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னதும் டீச்சர் தமிழ் வாக்கியங்களை என்னையே பலகையில் எழுதச் சொன்னார். பின் வரிசையில் இருந்த இரண்டு தமிழ்ப் பையன்கள் சத்தமாக வாசித்தார்கள். மற்றவர்களும் திக்கித் திக்கிச் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்தத் தம்பதி ஊருக்குப் போனபின், அன்று எடுத்த படங்களைச் சூப்பர்வைசருக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் மேனேஜரிடம் காட்ட, இப்போது காலை வேளைகளில் விருப்பப்படுகிறவர்களை அந்த ரோட்டோரத்து நிரைக்குக் கூட்டிப்போகும் வேலையும் என்னுடையதாகிவிட்டது. கடையில் நிற்பதைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது. தப்பாகப் பேசினால் அவர்கள் திருத்துகிறார்கள், தப்பாகக் கிள்ளினால் நான் திருத்துகிறேன்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து, கணவரும் நானும் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சுட்ட சோளம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கையில் சோளத்தோடு வந்த ஒரு வெளிநாட்டுக்காரன் பஸ் நிலையத்துக்கு வழி கேட்டான். நான் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் முந்திக்கொண்டார். "யூ ஃபினிஷ் டு ஈட், தென் கோ ஸ்ட்ரெயிட், தென் லெஃப்ட் லா."

ஃபினிஷுக்குப் பின்னால் டு வராது. எனக்குத் தெரியும். அவன் நன்றி சொல்லிவிட்டு, சோளத்தைக் கடித்தபடி நேராகப் போய், இடதுபக்கம் சரியாகத் திரும்பினான். நான் கணவரைத் திருத்தாமல் என் சோளத்தைக் கடித்தேன்.