ஜன்னலோரம் திறந்த வாய்

பல் மருத்துவம் கடைசி வருஷம் படிக்கும்போது, பல்லைப் பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி வாங்க திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு லாட்ஜுக்குப் போனேன். அங்கே தங்கியிருந்த விற்பனையாளர் மெலிந்தவர். கையில் எப்போதும் மடித்த கைக்குட்டை. மாணவர்கள் போட்டுப் பார்க்க, ஜன்னலோரம் உட்கார்ந்து தன் வாயையே திறந்து காட்டுவார்.

முதல் கண்ணாடியில் பற்கள் தெரிந்தன. இன்னும் பெரிதாகக் காட்டிய இரண்டாவதில், நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகத் தடித்த ஒரு புண்.

“சார், நாக்குல ஒண்ணு இருக்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும் டாக்டர். பாக்கறவங்க எல்லாம் சொல்றாங்க. எதுல நல்லா தெரிஞ்சுது, மொதல்ல போட்டதுலயா, இதுலயா?”

“இதுல” என்றேன்.

அதையே வாங்கினேன். நான் கிளம்பும்போது, அடுத்து வந்தவனுக்காக அவர் மறுபடி வாயைத் திறந்தார். இன்றும் அந்தக் கண்ணாடியை மாட்டினால், யார் வாயிலும் நான் முதலில் பார்ப்பது நாக்கின் ஓரத்தைத்தான்.