காதோரம் சொன்ன பெயர்கள்

எங்கள் எசமான் ஒப்பியுஸுக்கு ரோமில் எல்லா முகமும் ஒன்றுதான். விடியும் முன்பே வணக்கம் சொல்ல வரும் ஐம்பது பேருக்குக் கதவு திறப்பது என் பாடு. வருகிறவர் யார் என்று எசமானின் இடது காதில் ஓதுவது அந்தேரோஸின் பாடு. இரண்டு பேரும் அடிமைகள். எனக்குக் கால் கடுக்கும், அவனுக்குத் தொண்டை கட்டும். முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

"கரிசியுஸ், ரொட்டி சுடுறவர். பொண்ணுக்குக் காய்ச்சல்," என்பான். உடனே எசமான், "என்னப்பா கரிசியுஸ், பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கையைப் பிடிப்பார். அந்த மனிதர் கண் கலங்கிப்போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்டா, இது பித்தலாட்டம்னு உனக்குத் தோணலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தோணி என்ன பண்ண? மனுஷனுக்குச் சாப்பாடுகூட அப்புறந்தான்டா. தன் பேரை ஒருத்தர் ஞாபகம் வச்சிருக்கார்னா போதும், ஆயுசுக்கும் வாசல்ல வந்து நிப்பான்."

அந்தேரோஸுக்கு அறுபது தாண்டியதும் விடுதலை தருவதாக எசமான் ஒப்புக்கொண்டார். அவருடைய போர்வையைச் சுமந்துகொண்டு நானும் மன்றத்துக்குப் போனேன். நீதிபதி மறுநாள் வெளிநாடு கிளம்புகிறார். இன்று தவறினால் அடுத்தவர் வருவதற்குள் எசமானின் மனம் மாறிவிடலாம்.

விடுதலைச் சடங்குப்படி அந்தேரோஸின் தலையில் கோலை வைத்தார்கள்.

"யாரை விடுவிக்கிறீங்க? பேரைச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

எசமான் வாயைத் திறந்தார், மூடினார். வீட்டில் அவனை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். பழக்கதோஷம், இடது காதைச் சாய்த்தார்.

அந்தேரோஸ் தரையைப் பார்த்தான். பிறகு, எப்போதும் ஓதும் அதே குரலில், "அந்தேரோஸ். முப்பது வருஷமா உங்க கூடவே இருக்கான்," என்றான்.

"அந்தேரோஸ்! முப்பது வருஷமா என் கூடவே இருக்கான்," என்று எசமான் தழுதழுத்தார். சுற்றி நின்றவர்கள் உருகிப்போனார்கள்.

திரும்பும் வழியில் அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "தொண்டை வலிக்குதுடா."

விடுதலையானவனும் காலை வணக்கத்துக்கு வந்தாக வேண்டும். மறுநாள் கதவைத் திறந்தேன், வரிசையில் நின்றான். எசமானின் காதோரம் புது ஆள் ஓதினான்.

"என்னப்பா அந்தேரோஸ், தொண்டை வலி தேவலையா?" என்று எசமான் அவன் கையைப் பிடித்தார்.

அந்தேரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டை வலியைப் புது ஆளிடம் சொல்லி வைத்தது நான்தான்.