வாசிக்காமல் விட்ட வரி

அண்ணனுக்கு ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பு வந்த அன்று, அதை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம் என்று எங்கள் வீட்டில் அறிந்திருந்த ஒரே ஆள் நான்தான். அம்மா கைநாட்டு. அண்ணன் எழுத்துக் கூட்டி வாசிப்பார், அவ்வளவுதான். எழுத்துப் பரீட்சைக்குப் பயந்தே சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்காமல் பல வருடம் மீன் லொறி ஓட்டினார். இரண்டு தடவை பிடிபட்டுத் தண்டம் கட்டினார். மூன்றாவது தடவை குடித்திருந்தார். பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை இடித்து விழுத்தினார்.

குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதால், தண்டனையைக் குறைக்கும்படி மட்டும்தான் கேட்கலாம் என்றார் சட்டத்தரணி. சிறையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றினால் அண்ணன் வீட்டில் இருப்பார். அடிபட்ட பெண் கடிதம் கொடுத்து, வழக்கன்று நேரிலும் வந்தால் நல்லது. பிணையில் வந்த அண்ணன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே நாட்களைக் கழித்தார். லொறிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அந்தப் பெண்ணின் பெயரில் கடிதத்தை நான் எழுதுவது என்று யாரும் சொல்லாமலே முடிவானது. எங்கள் ஒழுங்கையிலிருந்து அரச கந்தோர்களுக்குப் போகும் கடிதமெல்லாம் நான் எழுதியவைதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. மூன்று தடவை எழுதிக் கிழித்து நான்காவதைச் சுத்தமாக எழுதினேன். நீதிபதியின் மனம் இளகட்டும் என்று, யாரையும் கேட்காமல் ஒரு வரி சேர்த்தேன்: 'என் கால் முழுமையாகக் குணமடைந்துவிட்டது, முன்போலவே தொழிலுக்குப் போகிறேன்.'

அந்தப் பெண்ணின் தொழில் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பது. கடிதத்தோடு அவர் வீட்டுக்கு நான் போனபோது காலை நீட்டிக் கதிரையில் இருந்தார். அண்ணன் மேல் கோபமில்லை, அவர் ஆறு மாதம் மறியலில் கிடந்து யாருக்கு என்ன லாபம் என்றார். பிறகு, "வாசி புள்ள, கேப்பம்" என்றார்.

வாசித்தேன். நடுவில் அந்த வரி வந்தது. கதிரையோடு ஒரு ஊன்றுகோல் சாத்தியிருந்தது. கண்ணை அடுத்த வரிக்கு இறக்கிக்கொண்டேன். குரல்கூடத் தடுமாறவில்லை.

அவர் பெருவிரலை மையில் ஒற்றிக் கடிதத்தில் பதித்தார். "உன்ட அண்ணனும் உன்னப்போல ரெண்டெழுத்துப் படிச்சிருந்தா, எனக்கு இந்தக் கால் மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வழக்கன்று மேல் நீதிமன்ற நீதிபதி கடிதத்தை முழுவதும் படித்தார். பின்வரிசையில் இருந்த அந்தப் பெண்ணை எழும்பச் சொன்னார். அவர் இருந்த வாங்கின் விளிம்பைப் பிடித்து, ஊன்றுகோலை ஊன்றி, மெதுவாக எழுந்தார். நீதிபதி அந்த வரியைச் சத்தமாக வாசித்து, இது நீங்கள் சொன்னதா என்று கேட்டார்.

"இத எனக்கு வாசிக்கல்ல ஐயா." கொஞ்சம் நிறுத்தி, "மறியலுக்குப் போட வேணாம் எண்டது நான் சொன்னதுதான்" என்றார்.

பொய் கலந்த கடிதத்தில் எதையும் ஏற்க முடியாது என்றார் நீதிபதி. எங்கள் சட்டத்தரணி ஏதோ சொல்லிப் பார்த்தார். மேன்முறையீடு தள்ளுபடி. ஆறு மாதமும் அப்படியே நின்றது.

அண்ணன் பெல்ட்டையும் போனையும் கழற்றி என்னிடம் தந்தார். நான் எழுதியதா என்று அவர் கேட்கவில்லை. "அவவ பஸ்ஸில விடாத. ஆட்டோ பிடிச்சு வீட்ட கொண்டுபோய் விடு" என்றார். நான் வெளியே வந்தபோது அந்தப் பெண் கேற்றைத் தாண்டி, ஊன்றிக்கொண்டே வெயிலில் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

அம்மா அன்று நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு கிழமையும் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த வரியைப் பற்றி அண்ணன் இன்னும் சொல்லவில்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிகிறது. விசாரிக்க வருபவர்களிடம், என் மகள் கடிதம் நல்லாத்தான் எழுதினவ, நீதிபதிதான் இரக்கமில்லாதவர் என்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.