குவோஸ்டன் நம்பாத குடல்வால்

எங்கள் ஊர்ச் சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருந்த குவோஸ்டனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. அறிவு நிற்கவில்லை என்பது அவன் எண்ணம். மொராவா ஆற்றின் இரு கரையிலும் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் முதலில் அவன் கடையில்தான் போய் நிற்பார்கள், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவில் நான் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். அவன் செய்த வைத்தியத்தையெல்லாம் கழுவித் துடைத்தவர்கள் நாங்கள்.

"நாலாயிரம் பன்னி அறுத்திருக்கேன். உள்ள பாத்தா பன்னியும் மனுசனும் ஒண்ணுதான். வெளியிலதான் வித்தியாசம், சில பேருக்கு அதுவும் இல்ல" என்பான். எதிரே நிற்பவர் சிரிக்கும்வரை கத்தி இறங்காது.

அதில் பாதி உண்மை. பன்றியின் இரைப்பை ஏறக்குறைய நம்முடையதைப் போலத்தான். ஆனால் குடல் என்பது அவனுக்கு சாசேஜுக்குக் கறி அடைக்கிற உறை, அவ்வளவுதான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வழவழப்பான சவ்வைக் கத்தியின் முதுகால் சுரண்டி எறிவான். துவாலையில் நூல் நிற்பதுபோல அந்தச் சவ்வில் கோடிக்கணக்கான சின்ன விரல்கள் நிற்கின்றன. கரைந்த சாப்பாட்டை இரத்தத்துக்குள் இழுப்பவை அவைதான். முக்கியமான பகுதியைத் தினமும் நாய்க்குப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துப் பாடம் நடத்தினான்.

"குடல்னா குழாய். மேல போடு, கீழ வரும். வரலையா, பிளம் சாராயம் ஊத்து." அவன் சொன்ன மருத்துவம் மொத்தமும் இதுதான்.

தபால்காரர் பிரட்டிமிர் கண் மஞ்சளாகி அவனிடம் போனார். கல்லீரல் தூங்குகிறது, எழுப்ப வேண்டும் என்று சொல்லி, பொரித்த பன்றிக் கொழுப்பை ஒரு தட்டு நிறையக் கொடுத்துத் தின்ன வைத்தான். உண்மையில் பித்தநீர் இறங்கும் குழாயில் கல் அடைத்திருந்தது. கொழுப்பைக் கரைக்க வேண்டிய நீர் இறங்க வழியில்லாதபோது கொழுப்பைத் திணித்தால் என்ன ஆகும்? பிரட்டிமிர் துடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். குணமானதும் நேரே போய் குவோஸ்டனுக்கு நன்றி சொன்னார். "அவரு கல்லீரல எழுப்பிவிட்டதாலதான சிஸ்டர் வலியே தெரிஞ்சுது" என்று என்னிடம் விளக்கம் வேறு. எங்கள் ஊரும் அந்த லட்சணம்தான்.

குடல்வாலை மட்டும் குவோஸ்டன் ஒப்புக்கொள்ளவே இல்லை. பன்றிக்கு அது கிடையாது, அதனால் மனிதனுக்கும் கிடையாது. "டாக்டருங்க கட்டிவிட்ட கதை. வெட்டுறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல?" காசநோய் பார்க்கச் சந்தைக்கு எக்ஸ்ரே வண்டி வரும்போதெல்லாம் ஊரே வரிசையில் நிற்கும். அவன் மட்டும் கைகட்டி ஓரமாக நின்று, தன் உள்ளே இருப்பது தனக்குத் தெரியும் என்பான்.

எண்பத்து மூன்று நவம்பரில், பன்றி அறுப்பு மும்முரமாக நடந்த வாரத்தில், அவனுக்கே வயிறு வலித்தது. முதலில் தொப்புளைச் சுற்றி. மறுநாள் இடப்பக்கம், இடுப்பெலும்பை ஒட்டி. மூன்றாம் நாள் அவன் மனைவி ஸ்டமென்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு எட்டு வந்து பாருங்க. குளிர் நடுக்குது, ஆனா உடம்பு கொதிக்குது. கேட்டா முட்டைக்கோசு ஒத்துக்கலங்குறான்."

போய் வலப்பக்கம் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. இடப்பக்கம் பலகை மாதிரி இறுகியிருந்தது. தொட்டதும் முனகினான்.

"குடல்வாலா இருக்காது. அது வலப்பக்கந்தான் வரும்" என்றேன்.

"அப்படி ஒண்ணு இருந்தாத்தான வலப்பக்கம் வர்றதுக்கு" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த நிலையிலும் வாய் ஓயவில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. இத்தனை வருட நர்ஸ், அவனைப் போலவே மனப்பாடமாகத் தெரிந்ததைத்தான் ஒப்பித்தேன். ஸ்டமென்காதான் பக்கத்து வீட்டு டிராக்டரை வரவழைத்து அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாள்.

டாக்டர் விடோசவாவுக்கு வயது முப்பதுகூட இல்லை. ஸ்டெதஸ்கோப்பை அவன் இடது மார்பில் வைத்தாள், முகம் சுளித்தாள், வலது மார்புக்கு மாற்றினாள். வெகுநேரம் கேட்டாள்.

"ஐயா, உங்க இதயம் வலப்பக்கம் இருக்குன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"பன்னிக்கு இடப்பக்கந்தான்" என்றான் குவோஸ்டன்.

"நான் உங்களக் கேட்டேன்."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல உள்ளே எல்லாமே இடம் மாறியிருந்தது. இதயமும் கல்லீரலும் பக்கம் மாறிக் கிடந்தன, இரைப்பை வலப்பக்கம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஐம்பத்து மூன்று வருடம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்ததால் யாருக்கும் தெரியவில்லை. தன் உள்ளே இருப்பது தெரியும் என்ற ஆளுக்குத் தன் இதயம் எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது தெரியவில்லை.

விடோசவா இடப்பக்கம் கீறினாள். வீங்கி வெடித்த குடல்வால் சீழில் மிதந்தது. கழுவிக் கழுவி எடுத்தோம். நான்கு நாள்வரை, பிழைப்பானா என்பதே சந்தேகமாக இருந்தது. ஸ்டமென்கா நடைபாதை பெஞ்சிலேயே கிடந்தாள். ஐந்தாம் நாள் அவன் வயிற்றில் குடல் இரையும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். அசையாமல் கிடந்த குடல் மறுபடி வேலையைத் தொடங்கியிருந்தது. ஸ்டமென்காவிடம் சொன்னேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வெட்டியெடுத்ததைக் குப்பியில் போட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது புழு" என்றான்.

பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்குப் போனான். வாயடங்குவான் என்று நினைத்தேன். வசந்தத்தில் கடைக்கு முன்னால் முன்பைவிடக் கூட்டம். "என் உள்ள மத்தவங்க மாதிரி இல்ல, டாக்டர்களே படம் எடுத்து வச்சிருக்காங்க" என்று சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். கேட்டவர்கள் அவனிடம் ஏதோ அருள் இருப்பதாக நினைத்துத் தலையாட்டினார்கள். பிரட்டிமிர் முன்வரிசையில் நின்றார்.

அடுத்த வருடம் ஸ்டமென்காவுக்கு நெஞ்செரிச்சல் வந்தது. சாராயத்தில் மிளகு ஊறவைத்துக் குடிக்கச் சொன்னான் அவன். அவள் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டி, கடை முன் நின்ற கூட்டத்தின் நடுவே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"டாக்டரம்மா இருக்காங்களா அக்கா?" என்றாள். "வர்ற வழியில கூப்பிட்டான். காதுல விழாத மாதிரி வந்துட்டேன்."