டிக்கிக்குள் ஒளித்த ஸ்நோ பான்ட்ஸ்

பனி அழகு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றில் அவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்காது, அல்லது காரை உள்ளே விட கராஜ் இருக்கும். மில்லிக்கன் என்கிற இந்தக் குளிர் ஊரில் ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழான பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற எனக்கு இரண்டு பிள்ளைகள். கராஜ் இல்லை.

பாண் சுடுகிற ஃபக்டரியில் இரவு வேலை முடித்து நான் வீட்டுக்குள் வர, மனைவி பஸ்ஸுக்கு ஓடுவாள். அதன் பிறகு எனக்கும் பனிக்கும் சண்டை. மகனுக்கு இரண்டு வயது. கையுறையில் பெருவிரலுக்கென்று இருக்கிற இடத்துக்குள் அவன் ஒருநாளும் பெருவிரலை விட்டதில்லை. ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மற்றக் காலைக் காணோம், ஓடிவிடுவான். எல்லாம் போட்டு வாசல்வரை வந்தபிறகு மூத்தவள், "அப்பா, வொஷ்ரூம்" என்பாள். திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதற்கிடையில் நகரசபை வண்டி வீதியில் கிடந்ததையெல்லாம் வழித்துக்கொண்டுவந்து என் காருக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போயிருக்கும். அதைப் பனி என்று சொல்ல மாட்டேன். அது மதில்.

இதெல்லாம் முதுகு வலியோடு போய்விடும். நான் பயந்தது மகளின் நெஞ்சுக்கு. முந்தின குளிர்காலம் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாடிவிட்டு வந்தவளுக்கு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை பிடிக்க வேண்டியதாகப் போயிற்று. அது கிருமியால் வருவது, குளிரால் அல்ல என்று டொக்டர் சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், தலையை ஆட்டினேன். ஆனால் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் விசில் ஊதினதைக் காதை வைத்துக் கேட்டவனும் நான்தான்.

அந்த வருடம் அவளுக்கு ஐந்து வயது. குளிரென்றால் பிள்ளைகளை உள்ளே வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கே? மிக மோசமான நாளென்றாலொழிய இடைவேளைக்கு எல்லோரையும் வெளியே கலைத்துவிடுகிறார்கள். ரீச்சரிடம் போய், இவளை மட்டும் உள்ளே விடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன். நல்ல காற்று பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது கூட நின்ற அண்ணை ஒருவர் வழி சொன்னார்.

"ஸ்நோ பான்ட்ஸ் இல்லாட்டி வெளியில விடாங்கள் தம்பி. என்ர பெடியன் ஒருநாள் விட்டிட்டுப் போக, ஒஃபிஸில இருத்தி பிஸ்கட்டும் குடுத்தவங்கள்."

ஸ்நோ பான்ட்ஸ் என்பது தோள்பட்டி வைத்த, பஞ்சு அடைத்த காற்சட்டை. உடுப்புக்கு மேலே போடுவது. மகளுடையது ஊதா நிறம், மனைவி தேடித்தேடி வாங்கியது. அடுத்தநாள் காலை அதைச் சுருட்டிக் கார் டிக்கிக்குள், மேலதிக டயருக்குக் கீழே வைத்தேன்.

"அப்பா, என்ர ஸ்நோ பான்ட்ஸ் எங்க?"

"தோய்க்கப் போட்டிருக்கு, குஞ்சு."

"பட் அது டேர்ட்டி இல்லயே."

அவளுடைய தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டேன். பின்னேரம் மனைவியும் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர ஸ்நோ பான்ட்ஸைக் கண்டனீங்களே?"

"எனக்கென்ன தெரியும். நீர்தான் எங்கயாவது வைச்சிருப்பீர்."

அண்ணை சொன்னது பலித்தது. சில நாட்கள் மகள் இடைவேளைக்கு உள்ளேயே இருந்து படம் கீறினாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு ஒருநாள் கூட்டிவரப் போனால், யாரோ ஒரு பிள்ளை தவறவிட்ட பச்சைக் காற்சட்டையோடு வருகிறாள். இரண்டு மடங்கு பெரிது, முழங்கால் இரண்டும் ஈரம், முகம் பழுத்த தக்காளி. பின்னால் ரீச்சர், அதே சிரிப்பு. அவளுக்கு ஒன்று தேடி எடுத்துவிட்டோம் என்றார். யாருடைய சளி பட்டதோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "தாங்க் யூ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தநாள் தூக்கம் வரவில்லை. இடைவேளை நேரம் மகனையும் தள்ளுவண்டிலையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வேலிக்கு வெளியே போய்க் காரை நிறுத்தினேன். மகனை வண்டிலில் இருத்தித் தள்ள, சக்கரம் பனிக்குள் புதைந்து அசைய மறுத்தது. அதற்குள் இருந்து மகன் கத்துகிறான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைக் காற்சட்டை தெரிந்தது. மகள் பனிக்குள் குப்புறக் கிடந்தாள். அசையவில்லை.

கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். முற்றத்தில் நின்ற மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவள் மட்டும் அப்படியே கிடந்தாள். வேலியோடு குவித்திருந்த பனியில் ஏறி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுவிட்டேன். மஞ்சள் மேலங்கி போட்ட பெண் ஒருத்தி கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"சேர்! சேர்! ஸ்டொப்!"

"மை டோட்டர்! நோ மூவிங்!"

அப்போதுதான் பச்சைக் காற்சட்டை எழும்பியது. எழும்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"அப்பா! நாங்கள் நித்திரைக் கரடி. அசைஞ்சா அவுட். உங்களால நான் அவுட்!"

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நான் வேலிக்கு மேல். இவர் உன் அப்பாவா என்று அந்தப் பெண் அவளிடம் கேட்டாள். மகள் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்க அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"யெஸ்," என்றாள். "ஹி ஹைட்ஸ் மை ஸ்நோ பான்ட்ஸ். இன் த கார்."

முந்தியொருநாள் நான் டிக்கியிலிருந்து தள்ளுவண்டிலை இறக்கும்போது கண்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்நியப் பெண்ணிடம் சொல்கிறாள்.

அந்தப் பெண் என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். பிறகு, அதைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, டயரைத் தூக்கி, ஊதாக் காற்சட்டையை உதறி வேலிக்கு மேலால் நீட்டினேன். டயர்க்கறை கொஞ்சம் ஒட்டியிருந்தது. மகள் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் தாயிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டாள், நான் வேலியில் தொங்கினதையும் சேர்த்து. மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப பிள்ளையைத் தூக்கி ஃபிரிட்ஜுக்கு மேல வைச்சிருங்கோ. அங்கதான் நல்ல சூடு."

"இழுப்பு வந்தா ஆர் ஆஸ்பத்திரிக்கு ஓடுறது?"

"ஓடுவம். போனமுறையும் ஓடினனாங்கள்தானே. அதுக்குக் களவெடுப்பீங்களே?"

வேலைக்குப் புறப்படுமுன் மகளின் நெஞ்சில் காதை வைத்தேன். மீசை குத்துகிறதென்று நெளிந்தாள். விசில் இல்லை. அடுத்தநாளும் இல்லை. இரண்டு நாள் கழித்து இருமத் தொடங்கியது மகன்தான், மூன்று சட்டைக்குள் சுற்றி, முடிந்தமட்டும் பேஸ்மென்றுக்குள்ளேயே நான் வைத்திருந்தவன். பள்ளிக்கூடத்திலிருந்து இவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள் என்று மனைவியோடு வாதாடினேன். அப்படியானால் இவளுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாள்.  எனக்குக் கோபம்தான் வந்தது.

அதன் பிறகு நான் வேலையால் வரும்போதே மகள் ஸ்நோ பான்ட்ஸ் போட்டுக்கொண்டுதான் சாப்பாட்டு மேசையில் இருப்பாள். ஹீட்டர் சூட்டில் நெற்றி வேர்க்க, தோள்பட்டியில் பட்டர் வழிய, பாண் கடித்துக்கொண்டு. நான் கிட்டப் போனால் இரண்டு கையாலும் பட்டியைப் பிடித்துக்கொள்வாள்.

"எடுக்கமாட்டன். நெஞ்சை மட்டும் காட்டு."

"ப்ரொமிஸ்?"

"ஓம், ப்ரொமிஸ்."

பட்டியை விடாமல் நெஞ்சை மட்டும் முன்னுக்குத் தள்ளுவாள். பஞ்சுக்கு மேலால் ஒன்றும் கேட்காது. ஆனாலும் காதை வைப்பேன். மேலே சின்ன ஜன்னலை அடைத்துக்கொண்டு அந்தப் பனிச் சனியன் கொட்டிக்கொண்டே இருக்கும்.